அடுத்த பெரும் பதிப்புக்கான ரோட்மேப்: எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது?

ஆலடியான் (பராமரிப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். நமது இணைய மன்ற மென்பொருளின் 2.x வரிசையில் இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று சென்ற வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருந்தோம். 3.0-க்கான ரோட்மேப்பை, அதாவது வரப்போகும் வேலைகளின் திட்ட ஆவணத்தை, எழுத உட்கார்ந்தபோது, என்னென்ன வசதிகள் வேண்டும் என்பதைவிட, அந்த ஆவணத்தை எந்த அடிப்படையில் எழுதுவது என்பதிலேயே பராமரிப்பாளர்கள் மூவருக்குள்ளும் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆகவே அதைப் பொதுவில் பேசி முடிவு செய்வதே முறை என்று தோன்றியது.

நிலைமை இதுதான். வேண்டுகோள் பகுதியில் அதிக வாக்குப் பெற்று நிற்பவை நேரடி அரட்டை, கைப்பேசிச் செயலி, ஃபெடிவர்ஸ் (ஒன்றோடொன்று பேசும் தனித்தனித் தளங்களின் வலைப்பின்னல்) இணைப்பு ஆகியவை. வழுப் பதிவேட்டைத் திறந்தால் வேறு கதை: மேம்படுத்தும்போது நீட்சிகள் (பிறர் எழுதிச் சேர்க்கும் துணை நிரல்கள்) உடைகின்றன, பெரிய தளங்களில் மட்டுறுத்தல் வரிசை (பதிவுகளைச் சரிபார்க்கும் பட்டியல்) திறக்க நேரமாகிறது, தேடலில் கிடைக்க வேண்டியது கிடைப்பதில்லை. சம்பளமில்லாமல் மாலை நேரங்களில் உழைக்கும் மூன்று பேரால் இரு பட்டியல்களையும் நிறைவேற்ற முடியாது. வாக்குகளின் வரிசைப்படியே போகலாமா, ஒவ்வொன்றுக்கும் தேதி குறிக்கலாமா, நீட்சி எழுதுவோருக்கு எந்த அளவுக்கு உறுதி கொடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் கருத்து தேவை. "எல்லாமே முக்கியம்" என்ற பதிலைத் தவிர எதுவானாலும் பயன்படும்.

நிரலி

வாக்குகளை எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பயனர்கள் எப்போதும் பளபளப்பான வசதிகளையே கேட்பார்கள் என்ற எண்ணம் நிரலாளர்களிடம் ஊறிப்போன ஒன்று. அதற்கு ஆதாரம் குறைவு. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் சமூகத் தொழில்நுட்பக் குழு 2015-இல் முதன்முறையாக விருப்பப்பட்டியல் வாக்கெடுப்பு நடத்தியபோது முதலிடம் பெற்றது என்ன தெரியுமா? கட்டுரைகளில் செத்துப்போன வெளி இணைப்புகளைக் கண்டறிந்து, அவற்றுக்கு இணையக் காப்பகத்தில் உள்ள பிரதிகளைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை. அதைவிடச் சலிப்பான, அதைவிடத் தேவையான பராமரிப்பு வேலை ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இதற்கு நேர்மாறாக, தொகுப்பாளர்கள் கட்டுரைகளைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கங்களை அடியோடு மாற்றுவதற்காக அதே நிறுவனம் மேலிருந்து திட்டமிட்ட ஃபுளோ என்ற உரையாடல் அமைப்பின் முனைப்பான உருவாக்கம் 2015 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. 2019-இல் சமூகங்களோடு விரிவாகக் கலந்து பேசிய பிறகே, பழைய பக்க அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவின் முடிவிலும் "பதிலளி" என்ற இணைப்பைச் சேர்க்கும் எளிய வழிக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கக்கூடிய விடை அது.

கரிசல்மண்

நிரலி அவர்கள் தந்த எடுத்துக்காட்டு சிறப்பானது. ஆனால் அது அவருடைய வாதத்துக்கே எதிராக நிற்கிறது. விக்கிப்பீடியாவின் விருப்பப்பட்டியலில் வாக்களித்தவர்கள் பெரும்பாலும் தொகுப்பாளர்கள், அதாவது அந்தச் செத்த இணைப்புகளை நாள்தோறும் கையால் திருத்திக் களைத்தவர்கள். நம் வேண்டுகோள் பகுதியிலோ மன்றங்களைப் பயன்படுத்துவோர் வாக்களிக்கிறார்கள். மன்றங்களை நடத்துவோர் வாக்களிப்பது அரிது. நூறு பேர் பதிவிடும் இடத்தில் மட்டுறுத்துநர் இருவர் இருந்தால் அதிகம். அந்த இருவரின் தேவை எந்த வாக்கெடுப்பிலும் மேலே வராது.

நான் பள்ளி ஆசிரியர்களுக்கான சிறிய மன்றம் ஒன்றை நடத்துகிறேன். எரிதம் (விளம்பரக் குப்பைப் பதிவு) எப்படி வருகிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதை நேரில் பார்க்காதவர்களுக்கு ரோட்மேப்பில் இது ஏன் வர வேண்டும் என்பது புரிவதில்லை. புதிய கணக்கு ஒன்று தொடங்கப்படும். ஓர் இழையில் யாரோ முன்பே எழுதிய பதிலின் முதல் இரண்டு வாக்கியங்களை அப்படியே ஒட்டி, "மிகவும் பயனுள்ளது, நன்றி" என்று முடிக்கும். இணைப்பு எதுவும் இருக்காது என்பதால் எந்த வடிகட்டியிலும் சிக்காது. சில வாரங்கள் கழித்து, எவரும் பார்க்காத நேரத்தில், அந்தப் பதிவு திருத்தப்பட்டு, "நன்றி" என்ற சொல்லுக்குள் கடன் நிறுவனத்தின் இணைப்பு நுழைந்திருக்கும். நமது மட்டுறுத்தல் வரிசை புதிய பதிவுகளை மட்டுமே காட்டுகிறது. பழைய பதிவில் பிறகு சேர்ந்த இணைப்பைக் காட்டுவதில்லை. ஆகவே திங்கட்கிழமை காலையில் நான் செய்வது, திருத்த வரலாற்றைத் தரவுத்தளத்தில் நேரடியாக வினவி, வாரக்கடைசியில் திருத்தப்பட்ட பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது. இந்தக் குறையை நான் வேண்டுகோளாகப் பதிந்தேன். அதற்கு விழுந்த வாக்குகளில் ஒன்று என்னுடையது, மற்றொன்று என் சக மட்டுறுத்துநருடையது.

மட்டுறுத்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ரெடிட்டைப் போன்ற விவாதத் தளங்களை நடத்த உதவும் லெம்மி என்ற மென்பொருளின் 2023 ஜூன் மாதத்தைப் பார்க்கலாம். ரெடிட்டின் ஏபிஐ (பிற செயலிகள் அதன் தரவைப் பெறும் வழி) கட்டணத்தை எதிர்த்து ஏராளமானோர் லெம்மிக்கு வந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அதன் 0.18.0 பதிப்பு வெளியானது. உலாவியோடு தொடர்ந்து திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்பை விட்டுவிட்டு எளிய எச்டிடிபி முறைக்கு மாறியது தொழில்நுட்ப நோக்கில் மிகச் சரியான முடிவு. ஆனால் கேப்சா (பதிபவர் மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) பழைய முறையோடு பிணைந்திருந்ததால் அதுவும் சேர்ந்தே போய்விட்டது. அப்போதுதான் தானியங்கிக் கணக்குகள் அலையலையாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. லெம்மி.வேர்ல்டு போன்ற பெரிய தளங்கள் கேப்சா திரும்பி வந்த 0.18.1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மிகச் சிறிய குழு, கடுமையான நெருக்கடி. அவர்களைக் குறை சொல்லவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: "இந்த மாற்றத்தால் வாசல்காப்பவருக்கு என்ன ஆகும்" என்ற கேள்வி திட்டத்தின் ஒவ்வொரு வரியோடும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நிரலி

ஏற்கிறேன், பாதியளவு. அப்படியானால் குறை வாக்களிப்பதில் இல்லை, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. நிர்வாகிகளுக்கும் மட்டுறுத்துநர்களுக்கும் தனியே ஒரு வாக்கெடுப்பு வைத்துவிடலாமே?

பழந்தடம்

வைக்கலாம். ஆனால் வசதிகளின் வரிசையைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு முன்பாக வேறொன்று இருக்கிறது. இந்த வகை மென்பொருளின் கால் நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால், திட்டங்கள் நொடிந்தது எந்த வசதியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் அன்று. பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்குப் பயனரை எப்படிக் கொண்டுபோவது என்பதைத் திட்டமிடாததால்தான்.

பிஎச்பிபிபி என்ற பழைய மன்ற மென்பொருளின் 2.0 வெளியானது 2002 ஏப்ரலில். அடுத்த பெரும் பதிப்பான 3.0 வந்தது 2007 டிசம்பரில். இடையில் ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேல். முதலில் 2.2 என்று தொடங்கிய வேலை வளர்ந்து வளர்ந்து, பழைய நிரலோடு ஒட்டாத அளவுக்குப் போனதால், பெயரையே 3.0 என்று மாற்ற நேர்ந்தது. அந்த ஐந்தரை ஆண்டுக்கும் மேலாக உலகம் 2.0-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் புதிய வசதி வேண்டியவர்கள் "மாட்" என்று அழைக்கப்பட்ட திருத்தங்களைச் சேர்த்தார்கள். மாட் என்றால் இன்றைய நீட்சியைப் போலத் தனிக் கோப்புறையில் உட்காரும் பொருள் அல்ல. "இந்தக் கோப்பைத் திற, இந்த வரியைத் தேடு, அதன் கீழே இதைச் சேர்" என்ற குறிப்புகளின் வரிசை. மைய நிரலையே கையால் வெட்டி ஒட்ட வேண்டும். பத்துப் பதினைந்து மாட் சேர்த்த தளத்தில் ஒரு சிறு பாதுகாப்பு வெளியீட்டை ஏற்றுவது என்றால், வெட்டி ஒட்டிய இடங்களையெல்லாம் மீண்டும் சரிபார்க்க வேண்டும். பலர் அதைத் தள்ளிப்போட்டார்கள். 2004 டிசம்பரில் சான்டி என்ற கணினிப் புழு, கூகுள் தேடலின் வழியாகவே பாதிப்புக்குரிய மன்றங்களைத் தேடிப் பிடித்துச் சிதைத்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் 2.0.11 ஏற்கெனவே வெளியாகியிருந்தது. திருத்தம் கையில் இருந்தும் ஏற்றாதவர்கள் அத்தனை பேர் இருந்ததற்கு மாட் முறையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மைய நிரலைத் தொடாத நீட்சி அமைப்பு அந்த மென்பொருளுக்கு 2014 அக்டோபரில், 3.1-இல்தான் வந்தது.

மறுபக்கம் ஃப்ளாரம் என்ற மன்ற மென்பொருள். ஈசோடாக், ஃபிளக்ஸ்பிபி என்ற இரு மன்ற மென்பொருள் திட்டங்களின் ஆட்கள் சேர்ந்து தொடங்கியது. முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) 2015-இல், 1.0 வந்தது 2021 மே மாதத்தில். இவ்வளவு காலம் பீட்டா என்ற பெயரிலேயே இருந்ததைப் பலர் கேலி செய்தார்கள். நான் செய்ய மாட்டேன். நீட்சிகள் மைய நிரலின் எந்தெந்த இடங்களைத் தொடலாம் என்ற எல்லையை வகுத்து முடிக்காமல் 1.0 என்று பெயரிட அவர்கள் மறுத்தார்கள். அந்த எண்ணுக்கு அவர்கள் கொடுத்த பொருள் அது. அதற்கான விலையை நீட்சி எழுதியவர்கள் கொடுத்தார்கள் என்பதும் உண்மை: ஒவ்வொரு பீட்டாவுக்கும் தங்கள் நிரலைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போனவர்கள் உண்டு.

ஆகவே என் பார்வையில் ரோட்மேப்பின் முதல் பக்கத்தில் வசதி எதுவும் இருக்கக் கூடாது. 2.x-இலிருந்து 3.0-க்கு வரும் பாதை என்ன, வர விரும்பாதவருக்கு எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், நீட்சிகள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, இவை மட்டும் அங்கே இருக்கட்டும். மற்றவை இரண்டாம் பக்கத்தில் வரட்டும்.

நொய்யல்

நீட்சி எழுதுபவன் என்ற முறையில் பழந்தடம் அண்ணனின் கருத்தோடு ஒரு சிறு சேர்க்கை. "எதையும் உடைக்க மாட்டோம்" என்ற உறுதி எனக்குத் தேவையில்லை. அதை யாராலும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றினால் மைய நிரல் அழுகிவிடும். எனக்கு வேண்டியது உடைப்பதற்கான ஒழுங்கு. டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருள், திரையின் பகுதிகளை வரையும் தன் பழைய விட்ஜெட் முறையை நீக்கி கிளிம்மர் கூறுகள் என்ற புதிய முறைக்கு மாறியதைக் கவனித்தேன். முதலில் உலாவியின் கன்சோலில் (நிரலாளர்கள் பிழைகளைப் பார்க்கும் பலகத்தில்) எச்சரிக்கை வந்தது; அது என்னைப் போன்ற நிரலாளர்களுக்கு. பிறகு தளத்தின் நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும் அறிவிப்புப் பட்டை வந்தது. எந்தச் செருகுநிரல் (நீட்சிக்கு அங்கே உள்ள பெயர்) பழைய முறையைப் பயன்படுத்துகிறது என்று பெயர் சொல்லிக் காட்டியது. அதற்கும் பிறகுதான் பழைய நிரல் நீக்கப்பட்டது. இந்தப் படிகளில் நடுப்படிதான் உயிரானது. ஏனெனில் கன்சோலை எந்த நிர்வாகியும் திறப்பதில்லை; வெளியீட்டுக் குறிப்பையும் படிப்பதில்லை. தளம் வெள்ளைப் பக்கமாக நின்ற பிறகுதான் என்னைத் தேடி வருகிறார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை இரவில்.

நேரடி அரட்டை பற்றியும் ஒன்று. டிஸ்கோர்ஸில் அரட்டை முதலில் தனிச் செருகுநிரலாகவே உருவாகி, புழங்கி, குறைகள் தெரிந்த பிறகு 2022-இல் மையக் களஞ்சியத்துக்குள் சேர்க்கப்பட்டது. அவர்களிடம் சம்பளம் வாங்கும் குழு இருக்கிறது. அவர்களே அப்படிச் செய்யும்போது, மூன்று பேர் உள்ள நாம் அரட்டையை 3.0-இன் மையத்தில் வைத்துத் திட்டமிடுவது பொருத்தமில்லை. நீட்சியாக யாராவது எழுதட்டும். அதற்குத் தேவையான இணைப்புமுனைகளை மட்டும் மையம் தந்தால் போதும்.

கடலோடி

ஃபெடிவர்ஸ் இணைப்புக்கு ஆதரவாக எவரும் பேசவில்லையே என்பதால் நான் பேசுகிறேன். நோட்பிபி என்ற மன்ற மென்பொருள் 2025-இல் வெளியிட்ட நான்காம் பதிப்பில், ஃபெடிவர்ஸ் தளங்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஆக்டிவிட்டிபப் மையத்திலேயே இருக்கிறது. டிஸ்கோர்ஸில் அது செருகுநிரலாகக் கிடைக்கிறது. லெம்மி பிறந்ததே அதன்மேல்தான். சிறு மன்றங்கள் ஒன்றோடொன்று பேச முடியாததால்தான் எல்லாரும் பெருநிறுவனங்களின் குழுக்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள். மேலும், நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை இத்தகைய வேலைகளுக்கு நிதி தந்திருக்கிறது. லெம்மியும் நோட்பிபியும் பெற்றிருக்கின்றன. சம்பளமில்லாத மூன்று பேருக்கு இது சிறிய செய்தி அல்ல.

பழந்தடம்

நிதி வரும் வழியை மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய நிதி, முன்கூட்டியே எழுதிக்கொடுத்த மைல்கற்களை முடித்தால்தான் வரும். அதாவது அந்த நொடியிலிருந்து ரோட்மேப்பின் ஒரு பகுதி நம் கையில் இல்லை. அது கெட்டது என்று சொல்லவில்லை. எந்தப் பகுதி அப்படி என்பதை ஆவணத்தில் வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்கிறேன்.

கரிசல்மண் கேட்ட கேள்வியையும் இங்கே கேட்க வேண்டும். பிற வழங்கிகளிலிருந்து (மற்ற தளங்கள் ஓடும் கணினிகளிலிருந்து) பதிவுகள் வரத் தொடங்கினால், தன் மன்றத்தில் கணக்கே இல்லாதவரை மட்டுறுத்துநர் எப்படித் தடுப்பார்? நீக்கிய பதிவின் பிரதி வேறு வழங்கியில் தங்கினால் யாரிடம் முறையிடுவார்? இப்போதுள்ள வரிசையே பழைய பதிவின் திருத்தத்தைக் காட்டுவதில்லை என்னும்போது, கதவை அகலத் திறப்பதைப் பற்றிப் பேசுவது முன்னும் பின்னும் மாறிய வேலை. பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது, தன்னார்வலர்கள் நடத்திய சில சிறு மன்றங்கள் மூடப்போவதாகவே அறிவித்தன. நடத்துபவரின் பொறுப்பு நாளுக்கு நாள் கூடும் காலத்தில், அவருடைய கருவிகளைக் கடைசியில் வைப்பது சரியல்ல.

கடலோடி

அப்படியானால் "முடியாது" என்றே எழுதிவிடுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற வாசகம் ஆண்டுக்கணக்கில் தொங்குவதைவிட அது மேல்.

நிரலி

கடலோடி எரிச்சலில் சொன்னாலும், இந்த இழையின் மிகப் பயனுள்ள வரி அதுதான் என்று நினைக்கிறேன். மறுப்பையும் ரோட்மேப்பில் எழுத வேண்டும். காரணத்தோடு எழுத வேண்டும். மாஸ்டடான் என்ற ஃபெடிவர்ஸ் சமூக வலைத்தள மென்பொருள் நெடுங்காலம் மேற்கோள் பதிவுகளை (பிறர் பதிவைத் தன் பதிவுக்குள் காட்டிக் கருத்துச் சேர்க்கும் வசதி) மறுத்தது. பிறரை மேற்கோள் காட்டிக் கேலி செய்யும் பழக்கத்தை அது வளர்க்கும் என்ற காரணத்தை அதை உருவாக்கிய ஒய்கன் ரோச்கோ வெளிப்படையாகவே சொன்னார். 2023-இல் நிலைப்பாடு மாறி, 2025-இல் வெளியான 4.5 பதிப்பில் அந்த வசதி வந்தபோது, மேற்கோள் காட்டப்படுபவரே அதை அனுமதிக்கவும் பிறகு விலக்கிக்கொள்ளவும் முடிகிற வடிவில் வந்தது. காரணம் எழுதப்பட்டிருந்ததால்தான் வசதி அந்த வடிவத்தைப் பெற்றது. வெறுமனே "இல்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால், பின்னால் வந்து வடிவமைப்பவருக்கு எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்காது.

ஆலடியான் (பராமரிப்பாளர்)

மிக்க நன்றி. தேதிகளைப் பற்றி எவரும் இன்னும் சொல்லவில்லை. காலாண்டு வாரியாகக் கட்டம் போட்டு எழுதலாம் என்பது பராமரிப்பாளர்களில் ஒருவரின் விருப்பம்.

பழந்தடம்

கட்டம் வேண்டாம். சம்பளமில்லாத உழைப்புக்குக் காலாண்டு கிடையாது. வீட்டில் ஒரு திருமணம் வந்தால் காலாண்டு போய்விடும். ஆனால் நம்மால் மாற்ற முடியாத தேதிகள் சில உண்டு, அவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். நாம் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு தருகிறது: 12-ஆம் பதிப்பின் காலம் 2024 நவம்பரில் முடிந்தது, 13-இன் காலம் 2025 நவம்பரில், 14-க்கு 2026 நவம்பர். பிஎச்பி மொழிக்கும் சில ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களுக்கும் இப்படி அட்டவணை உண்டு. அந்த நாள்களுக்கு முன்பு நாம் மாறியிருக்க வேண்டும் என்பதை எழுதினால், வாசிக்கும் நிர்வாகிக்குத் தன் வழங்கியை எப்போது தயார் செய்ய வேண்டும் என்று தெரியும். மற்ற வேலைகளுக்கு "இப்போது", "அடுத்து", "பிறகு" என்ற வரிசை போதும்.

கரிசல்மண்

போஸ்ட்கிரெஸைச் சொன்னதால் தேடலைப் பற்றி ஒரு குறிப்பு. என் மன்றத்தில் "பள்ளி" என்று தேடினால் "பள்ளியில்", "பள்ளிக்கு", "பள்ளிகளின்" என்று எழுதிய பதிவுகள் வருவதில்லை. நம் மென்பொருள் தமிழுக்குச் சொல்லை அப்படியே ஒப்பிடும் "சிம்பிள்" அகராதியைப் பயன்படுத்துவதே காரணம். ஆனால் 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 முதலே தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பு உள்ளமைவாக இருக்கிறது. குறைகள் உண்டு, தமிழின் எல்லா ஒட்டுகளையும் அது பிரித்துவிடாது. ஆயினும் இப்போதிருப்பதைவிடப் பன்மடங்கு மேல். பழைய 11-ஐயும் ஆதரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதுவரை அதைத் தொடவில்லை என்று வழுப் பதிவேட்டில் பதில் இருக்கிறது. 3.0-இல் அந்தத் தடை தானாகவே நீங்கிவிடுகிறது.

ஆலடியான் (பராமரிப்பாளர்)

மூவரும் நேற்றிரவு பேசி வரைவின் உள்ளடக்கத்தை முடிவு செய்தோம். முதல் பக்கத்தில் மேம்படுத்தும் பாதையும் நீட்சிகளுக்கான எல்லையும் மட்டும் இருக்கும். 3.0 வெளியான நாளிலிருந்து 18 மாதங்களுக்கு 2.x-க்குப் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. நீட்சிகள் பயன்படுத்தும் எந்த இணைப்புமுனையையும் நீக்குவதற்கு முன், குறைந்தது ஒரு வெளியீடு முழுதும் நிர்வாகிப் பக்கத்தில் நீட்சியின் பெயரோடு எச்சரிக்கை காட்டப்படும். வெளித்தேதிகள் ஓர் அட்டவணையாக வரும்.

"இப்போது" என்ற பிரிவில் மட்டுறுத்தல் வரிசை, குறிப்பாகப் பழைய பதிவுகளில் பிறகு சேர்க்கப்படும் இணைப்புகள். அதோடு தேடல், போஸ்ட்கிரெஸ் 14-க்குக் கீழானவற்றை 3.0 ஆதரிக்காது என்பதால் தமிழ் அகராதியையும் சேர்த்துவிடலாம். "அடுத்து" என்பதில், நிர்வாகிகளுக்கும் மட்டுறுத்துநர்களுக்கும் மட்டுமான வாக்கெடுப்பில் முதலிரண்டு இடங்களைப் பிடிப்பவை. ஃபெடிவர்ஸ் இணைப்பு "பிறகு" என்ற பிரிவில், பிற வழங்கிக் கணக்குகளைத் தடுக்கும் கருவி முடிந்த பின்பே என்ற நிபந்தனையோடு. நேரடி அரட்டையும் தனிக் கைப்பேசிச் செயலியும் "செய்யப்போவதில்லை" என்ற தலைப்பின்கீழ், காரணங்களோடு.

நொய்யல்

ஒரே ஒரு ஆட்சேபம். "குறைந்தது ஒரு வெளியீடு முழுதும்" என்று எழுதினால், நீங்கள் இரண்டு வாரத்தில் அடுத்த வெளியீட்டை விட்டால் அந்த உறுதி காற்றில் போய்விடும். நீட்சி எழுதுபவருக்கு வெளியீட்டு எண்ணிக்கை கணக்கில்லை, மாதங்கள்தான் கணக்கு. தேர்வுக் காலத்திலும் பண்டிகைக் காலத்திலும் எங்களில் பலர் நிரலைத் தொடுவதே இல்லை.

ஆலடியான் (பராமரிப்பாளர்)

நியாயம். "ஒரு பெரும் வெளியீடு அல்லது ஆறு மாதங்கள், இவற்றில் எது நீண்டதோ அது" என்று மாற்றியிருக்கிறேன். வரைவு இன்று மாலை களஞ்சியத்தில் ஏற்றப்படும். வாசகத்தில் திருத்தம் வேண்டுவோர் அங்கேயே புல் ரிக்வெஸ்ட்டாக (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோளாக) அனுப்புங்கள். வாக்கெடுப்புக்காக நிர்வாகிகளின் பட்டியலைத் திரட்டும் வேலையைக் கரிசல்மண் ஏற்றுக்கொள்ள முடியுமா?

கரிசல்மண்

ஏற்கிறேன். நிறுவல் பக்கத்தில் தங்கள் தளத்தைப் பதிந்துகொண்டவர்களுக்கு முதலில் எழுதுகிறேன்; ஒரு தளத்துக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொள்ளலாமா, அல்லது மட்டுறுத்துநர் ஒவ்வொருவருக்கும் தனி வாக்கா என்பதை மட்டும் நீங்கள் மூவரும் சொல்லிவிடுங்கள். பெரிய தளங்களில் மட்டுறுத்துநர்கள் இருபது பேர் இருப்பார்கள், என்னுடையதில் இருவர்தான்.

ஆலடியான் (பராமரிப்பாளர்)

ஒரு தளத்துக்கு ஒரு வாக்கு.